விரலுக்கு விறைப்பூசி போதும்

2022 மார்ச் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, ஏற்கெனவே நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. முழு மயக்கத்தின்போது தளர்த்தப்பட்ட தசைகளை மறுபடி இயங்கவைக்கும் நியோஸ்டிக்மின் ஊசிமருந்து தீரும் நிலைக்கு வந்திருந்தது. செய்தியைக் கண்ட இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் உதவ முன்வந்தார். மருந்து பின்னர் வந்தது. ஆனால் அந்த நெருக்கடி ஒரு கேள்வியை விட்டுச் சென்றது: முழு மயக்கம் உண்மையில் யாருக்குத் தேவை?

திருகோணமலை இதை அவசரமாகக் கேட்க வேண்டிய மாவட்டம். கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்குக் கையும் காலும்தான் முதல். தூண்டில் முள் விரலில் ஏறும். கெளிற்று முள் உள்ளங்கைக்குள் முறியும். கரைவலை இழுப்பவரின் பாதத்தைச் சிப்பி கிழிக்கும். கந்தளாய் வயலில் கத்தி, துறைமுகத்தை அண்டிய ஆலைகளில் இயந்திரம். போதாததற்கு, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. சலரோகக்காரரின் கால்விரலில் வந்த நகச்சுற்றைக் கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு லிக்னொகெயின் என்ற விறைப்பு மருந்து போதும். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது அது. கூடவே சிறிது அட்ரினலின் சேர்த்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்தம் குறையும், விறைப்பும் நெடுநேரம் நிற்கும். இருந்தும் பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் பாடமாக்கிய விதி வேறு: விரலில் அட்ரினலின் ஏற்றாதே, விரல் அழுகிப்போகும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் முந்திய தலைமுறை மருந்தான புரொகெயின் என்று இன்று கருதப்படுகிறது. நாட்பட வைத்திருந்தால் அது கடும் அமிலமாக மாறும். மருந்துப் போத்தலில் காலாவதித் திகதி கட்டாயமாகாத காலம் அது. 120 ஆண்டு மருத்துவப் பதிவுகளைத் துருவிய ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. விறைப்பூசிக்குப் பின் விரல் அழுகியதாக அதில் கிடைத்தவை 48 சம்பவங்கள். லிக்னொகெயினும் அட்ரினலினும் சேர்ந்த கடை மருந்தால் அழுகியது ஒன்றுகூட இல்லை. கனடாவின் டொனால்ட் லலொண்டும் அவரது சகாக்களுமாக ஒன்பது சத்திரசிகிச்சை நிபுணர்கள், கைகளிலும் விரல்களிலும் அட்ரினலின் ஏற்றிய 3,110 சிகிச்சைகளை 2005இல் பதிவு செய்தார்கள். ஒரு விரலும் போகவில்லை. சுருக்கத்தைத் தளர்த்தும் பென்டொலமைன் மாற்று மருந்தைக்கூட எவருக்கும் கொடுக்க நேரவில்லை.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? கையை இறுக்கும் பட்டி வேண்டாம். அந்தப் பட்டியின் வலிதான் பலரை முழு மயக்கத்துக்குத் தள்ளியது. வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டாம். ஊசி போட்டு அரை மணி நேரம் பொறுத்தால் தியேட்டருக்குத் தயார். அறுந்த தசைநாணைத் தைத்த வைத்தியர், தோலை மூடுமுன் “விரலை மடக்குங்கோ” என்பார். நோயாளி மடக்குவார். தையல் விலகுகிறதா, சிக்குகிறதா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மயங்கிக் கிடப்பவரிடம் இந்தச் சோதனை நடவாது.

இங்கே மொழியும் சிகிச்சையின் பகுதியாகிவிடுகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாவட்டத்தில், விழித்திருக்கும் நோயாளியிடம் அவருக்கு விளங்கும் மொழியில் பேசத் தியேட்டரில் ஒருவராவது இருக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியானது 1987இல். கத்தி வைக்கும் மேசையில் அந்த உரிமை மிகத் துல்லியமாகத் தேவைப்படுகிறது.

தூரத்தையும் யோசிக்க வேண்டும். கிண்ணியாவுக்குப் பாலம் 2009 அக்டோபரில்தான் வந்தது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியுமுன் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. இத்தகைய ஊர்களிலிருந்து நகரத்துக்கு வருவது ஒரு நாள் கூலியை இழப்பது. அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் ஒரு வாரம். மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை வைத்தியசாலைகளில் விறைப்பூசிச் சிறுசிகிச்சைக்கென நாள் ஒதுக்கப் புதுக் கட்டடம் வேண்டாம். பயிற்சி பெற்ற வைத்தியரும் தாதியரும், சுத்தமான அறையும், தரமான மருந்தும் போதும். தரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: போலி இம்யூனோகுளோபுலின் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024இல் கைதான நாடு இது.

எல்லைகளும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கும், கைக்குள் ஆழப் பரவிய சீழுக்கும் இது பொருந்தாது. சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாக விறைக்காது. காலுக்கு இரத்த ஓட்டம் குன்றிய நீரிழிவு நோயாளிக்கு அட்ரினலின் ஆபத்து. அளவும் முக்கியம்: அட்ரினலினோடு சேரும்போது கிலோவுக்கு 7 மில்லிகிராம், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு சதவீத மருந்தில் 35 மில்லிலீற்றர்; அதற்கு மேல் கூடாது.

மாகாண சுகாதாரத் திணைக்களம் இந்தப் பயிற்சியை முன்னுரிமையாக எடுக்கட்டும். கடற்றொழிலாளருக்கும் ஒரு சொல்: தூண்டில் முள் ஏறினால் குறட்டால் பிடுங்காதீர்கள், கோப்பித்தூள் அப்பாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பூசி போட்டு எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். விறைப்பூசியோடு இங்கேயே செய்ய முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.