இணைத்தபின் விலகாத இளக்கி

கல்யாணம் முடிந்த பிறகும் தரகர் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால் குடும்பம் என்னாகும்? குழாய்களைப் பற்றவைக்கும்போது பூசுகிற இளக்கியின் கதையும் அதுதான். இரு உலோகத் துண்டுகளைச் சேர்த்து வைப்பதோடு அதன் பணி முடிகிறது. அதன் பின்னும் அங்கேயே தங்கிவிட்டால், சேர்த்து வைத்ததையே அரிக்கத் தொடங்கிவிடும்.

உலோகவியல் பாடத்தில், தாதுவின் மாசோடு கூடிக் கசடாக மாறும் பொருளே இளக்கி என்று படிக்கிறோம், தேர்விலும் எழுதிவிடுகிறோம். பட்டறையில் அதற்கு நவச்சாரம், ஆசிட், பேஸ்ட் என்று வேறு பெயர்கள். செம்பின்மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அதன்மேல் உருகிய பற்றாசு ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டோடும். இளக்கி அப்படலத்தைக் கரைத்து, சூட்டில் மீண்டும் காற்றுப் படாமல் காக்கிறது. பிறகு பற்றாசு குழாயின் இடுக்கில் நுண்புழை ஏற்றத்தால் தானே ஏறிக்கொள்கிறது.

இத்தனை வேலை செய்யும் பொருள் சாதுவாக இருக்குமா? குழாய் வேலைக்குரிய இளக்கிகள் பலவற்றில் துத்தநாகக் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் உள்ளன. துத்தநாகக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். நீரில் அமிலத்தன்மை காட்டும். தேவைக்கு மேல் அப்பிய இளக்கி சூட்டில் குழாயினுள் வழிந்து அடியில் கோடாகப் படிகிறது. மெழுகு போன்ற பசையோடு கலந்திருந்தால் குளிர்ந்த நீர் அதை எளிதில் கழுவாது. அதனடியில் குளோரைடு செம்பைத் தின்கிறது. முதலில் பச்சைக் களிம்பு, பின்பு குழி, சில ஆண்டுகளில் ஊசித்துளை. பழி மட்டும் குழாயின்மேல் விழுகிறது!

இன்னொரு குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். பழைய குழாய்ப் பற்றாசில் பாதியளவு இருந்ததோ காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. குடிநீர்க் குழாய்க்குரிய பற்றாசிலும் இளக்கியிலும் காரீயம் 0.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கா 1986இல் சட்டம் செய்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் இந்தியத் தரம் ஐ.எஸ். 10500.

“நம் வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் குழாய்தானே, நமக்கென்ன?” என்று நண்பர்கள் கேட்கலாம். ஓட்டைக் குடத்தையும் லாரி ரேடியேட்டரையும் பற்றவைப்பவர் இதே அமிலத்தைத்தான் கையாளுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் மாமா இருபது ஆண்டுகளாகப் பற்றவைக்கும் தொழிலில் இருக்கிறார். அமிலத்தில் துத்தநாகத் துண்டைப் போட்டு, நுரை அடங்கியதும் எடுத்துப் பூசுவார். அந்த நுரை தீப்பற்றும் ஹைட்ரஜன் என்று நான் பாடத்தில் படித்தேன். அவருக்கோ யாரும் சொல்லவில்லை. சூட்டில் எழும் புகை கண்ணையும் மூச்சுக் குழலையும் எரிக்கும். ரேடியோ பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் ரோசின் உலோகத்தை அவ்வளவாக அரிக்காது. ஆனால் அதன் புகையும் ஆஸ்துமாவைத் தரக்கூடியது.

இளக்கியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அளவும் முறையும் வேண்டும். குழாய் முனையைத் தேய்த்துத் துலக்கி, தூரிகையால் மெல்லியதாகப் பூச வேண்டும். விரலால் அள்ளி அப்பக்கூடாது. இணைப்பு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்து, குழாயினுள் நீர் விட்டு அலச வேண்டும். குடிநீருக்குக் காரீயமில்லாப் பற்றாசும், நீரில் கழுவப்படும் இளக்கியுமே தகும். காற்றோட்டமான இடமும் கண்ணாடியும் கையுறையும் ஆடம்பரமல்ல. டப்பாவின்மேல் எச்சரிக்கை தமிழிலும் அச்சாக வேண்டும்.

இவற்றை யார் போய்ச் சொல்வது? நம் வேதியியல் மன்றம் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துகிறது. அடுத்த ஆண்டு ஒரு நாளேனும் இவ்வூர்ப் பட்டறைத் தொழிலாளரை நம் ஆய்வகத்துக்கு அழைப்போம். நாம் கற்ற சமன்பாட்டை அவர்களுக்குச் சொல்வோம். பற்றவைக்கும் பக்குவத்தை அவர்களிடம் கற்போம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். ஏட்டில் உள்ள வேதியியல் மாமாவின் பட்டறைக்குப் போய்ச் சேராவிட்டால், நாம் வாங்கும் பட்டத்தால் யாருக்கு என்ன பயன்?