கண்ணாடிக் கிருமிக்குக் கதவடைப்போம்!

இடக்கை உறையை வலக்கையில் மாட்டிப் பாருங்கள், பொருந்தாது. விரல் ஐந்து இருந்தும் பொருந்தாது! உயிரின் மூலக்கூறுகளுக்கும் இப்படி இடமும் வலமும் உண்டு. 1848இல் பாரிஸ் நகரிலே லூயி பாஸ்டர், டார்ட்டாரிக் அமில உப்பின் படிகங்களை இருவகையாய்ப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டிய உண்மை இது.

புல்லாயினும் புலியாயினும், மாளிகைவாசியாயினும் மண்வெட்டி பிடிப்பவனாயினும், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் இடக்கை வகை, டி.என்.ஏ.வின் சர்க்கரை வலக்கை வகை. உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்ற பேதம் உண்டா அங்கே? இல்லை!

இந்த இடத்தையும் வலத்தையும் முற்றிலும் மாற்றி, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற பாக்டீரியாவைப் படைத்தால்? 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் 'சயன்ஸ்' ஏட்டிலே எச்சரித்தனர்: வேண்டாம் இந்த விபரீதம்! நோபல் பரிசு பெற்றோர் மட்டுமல்ல, அத்தகைய உயிரணுவை ஆக்க முனைந்திருந்தோரும் அவர்களில் உண்டு.

ஏன் எச்சரித்தனர்? நம் உடலின் காவற்படை, பகைவனை உருவம் கண்டே பிடிக்கிறது. உருவம் மாறிய கிருமி, காவலன் கண்ணெதிரே கோட்டைக்குள் நுழையக் கூடும். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களும் அதைத் தொட இயலாது போகலாம். மனிதன், மாடு, பயிர் மூன்றையும் அது தாக்கக் கூடும். பரவிவிட்டால் திரும்ப அழைக்க வழியில்லை.

"பார்த்தீர்களா, விஞ்ஞானம் விளைத்த வினையை!" என்பர் பழமைவாதிகள். அவர்களைக் கேட்கிறோம்: ஆபத்தை முன்னறிந்து சொன்னது யார்? சோதிடரா? சாமியாடியா? விஞ்ஞானியல்லவா! தன் கையைத் தானே தடுத்து நிறுத்தும் துணிவுதான் பகுத்தறிவு.

ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்லவில்லை நாம். உயிரற்ற கண்ணாடி மூலக்கூறுகள் உடலில் எளிதில் சிதையா. நல்ல மருந்தாகக் கூடும். அவை வளரட்டும். தானே பெருகும் உயிர்தான் கூடாது.

அதைப் படைக்கும் திறன் இன்று எவருக்கும் இல்லை. குறைந்தது பத்தாண்டு ஆகும் என்கின்றனர். வெள்ளம் வருமுன் அணை போடக் கிடைத்த காலம் இது! விஞ்ஞானிகள் விடுத்திருப்பது வேண்டுகோள். வேண்டுகோள் பேராசைக்காரனைத் தடுக்குமா? சட்டம் வேண்டும். ஒரு நாட்டிலே மட்டுமல்ல, உலக நாடுகள் கூடி இயற்றும் சட்டம் வேண்டும். நோய்க்கு எல்லைக்கோடு ஏது?

ஆய்வுக்கூடத்தின் முடிவு, ஆய்வுக்கூடத்தோடு முடிவதில்லை. அது குடிசையின் கதவையும் தட்டும். எனவே குடிசைக்காரனுக்கும் அதிலே குரல் உண்டு. அந்தக் குரல் இன்றே எழட்டும்!