சிலுவை கட்டிய கடனும் நாம் கட்டாத பாக்கியும்

கொஞ்ச நாள் முன்னால் எங்கள் பக்கம் ஒரு நற்செய்திக் கூட்டம். பந்தல், டியூப் லைட், ஊரே அதிரும் ஸ்பீக்கர். சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு பெரியவர் மேடை ஏறினார். செத்துப்போன தம்பியின் பங்கு நிலத்தை ஏமாற்றித் தன் பேருக்கு எழுதிக்கொண்டாராம். தம்பி பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போனாளாம். இவருக்குப் பல வருஷம் ராத்தூக்கம் இல்லை. ஒரு நாள் இயேசுவை ஏற்றுக்கொண்டாராம். அன்றைக்கு ராத்திரியே நிம்மதியாகத் தூங்கினாராம்.

கூட்டம் கைதட்டியது. பிரசங்கியார் மைக்கை வாங்கி, "உங்க கணக்குப் புத்தகத்தைக் கர்த்தர் கிழிச்சுப் போட்டுட்டார், இனிமே யாரும் உங்ககிட்ட எதுவும் கேட்க முடியாது" என்றார். அல்லேலூயா.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நிலம் என்ன ஆச்சு?

அதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தம்மா இன்னும் கூலி வேலைக்குத்தான் போகிறாளா, அவளுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதெல்லாம் சாட்சியில் சேராத விஷயங்கள் போலிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன். இயேசு நம் பாவங்களுக்காகப் பலியானார் என்பதைக் கேலி செய்ய எழுதவில்லை. அதை நம்புகிறவன் என்பதால்தான் கோபம் வருகிறது. அந்தப் பலியை, கடன் கொடுத்தவனிடமிருந்து தப்பிக்கிற பின்வாசலாக ஆக்கிவிட்டோம் என்பதுதான் என் புகார்.

சிலுவை எப்படி நம்மை மீட்கிறது என்பதற்குத் திருச்சபையில் ஒரே விளக்கம் இருந்ததில்லை. ஆரம்ப காலத்தில் பலர், சாத்தானிடம் அடிமையாகக் கிடந்தவர்களுக்குக் கொடுத்த மீட்புத்தொகை என்றார்கள். 1098 வாக்கில் அன்செல்ம், கடவுளின் மாண்புக்கு மனிதன் செலுத்த வேண்டிய ஈட்டை, மனிதனான கடவுளே செலுத்தினார் என்றார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின் போன்ற சீர்திருத்தக்காரர்கள் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்: குற்றவாளிக்கு வரவேண்டிய தண்டனையைக் குற்றமற்றவர் ஏற்றுக்கொண்டார். நம் ஊர் மேடைகளில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படம்தான்.

எதை எடுத்துக்கொண்டாலும் சரி. நீங்கும் தண்டனை, கடவுளுக்கு முன்னால் நமக்கு இருந்த தண்டனை. தம்பி பெண்டாட்டிக்குச் சேர வேண்டிய நிலம் தண்டனை இல்லை. அது அவளுடைய சொத்து. அதை எழுதிக்கொடுப்பதில் அந்தப் பெரியவருக்கு என்ன தண்டனை? தன்னுடையது அல்லாததை உரியவரிடம் கொடுக்கிறார், அவ்வளவுதானே!

இது நான் கண்டுபிடித்த புது வேதம் இல்லை. லேவியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். ஏமாற்றியவன் எடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேலே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் பலி ஆட்டைப் பற்றிய பேச்சே வருகிறது. மலைப்பொழிவில் இயேசு, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு, முதலில் அவனிடம் போ என்கிறார். சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொல்கிறார். பிலமோனுக்குப் பவுல் எழுதின கடிதம் ஒரே பக்கம். அடிமை ஒநேசிமு உனக்கு ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என் கணக்கில் எழுது, நான் தருகிறேன் என்கிறார். சிலுவையைப் பற்றி அவ்வளவு எழுதின பவுல், "அதான் சிலுவையில் கட்டியாச்சே" என்று தப்பித்துக்கொள்ளவில்லை!

கத்தோலிக்கர்களே, நாமும் தப்பிக்க முடியாது. திருடினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்த பழைய விதி. நடைமுறையில் என்ன நடக்கிறது? மூன்று அருள்நிறை மரியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

எங்கள் கடற்கரையில் இன்னொரு வேடிக்கை. ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்தில் குளித்தால் பாவம் போகுமா என்று மேடையில் நக்கல் அடிப்பார்கள். தண்ணீரில் குளித்தால் போகாது என்றால், ஒரு பாட்டுப் பாடிக் கண்ணீர் விட்டால் மட்டும் போய்விடுமா? அங்கே தலை நனைகிறது, இங்கே கன்னம் நனைகிறது. நிலம் இரண்டு இடத்திலும் திரும்பி வருவதில்லை.

இந்தக் கதை இங்கே ரொம்பப் பழசு. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே போர்த்துகீசியப் படை இருந்தது. அதன் தளபதி, பாவம் தீர்க்க ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களை மறித்து வரி வாங்கினார். கோபம் மூண்டு 1549ல் வடுகர் படை வந்து இறங்கியது. போர்த்துகீசியர்கள் கடல் பக்கம் தப்பினார்கள். இத்தாலியிலிருந்து வந்திருந்த இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி, பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டுத் தான் கரையிலேயே நின்றார். அங்கேயே குத்திக் கொன்றார்கள். அந்தச் சபையின் முதல் மறைசாட்சி அவர்தான். தளபதியின் பேராசைக்குக் குருவானவர் ரத்தத்தில் கட்டினார். குற்றமற்றவர் செத்தார் என்று நாம் உருகுகிறோம், சரி. யாத்ரீகர்களிடம் பிடுங்கின காசு?

அடுத்து ஓரியூர். அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லும் மண்ணை மக்கள் இன்றைக்கும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். 1947ல் புனிதர் பட்டம். நானும் அந்த மண்ணை நெற்றியில் பூசியவன்தான். அவர் ஏன் கொல்லப்பட்டார்? தடியத்தேவன் என்கிற மறவர் குலத் தலைவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியர் இருக்கக்கூடாது என்று அருளானந்தர் சொல்ல, ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட, அரசர் கோபம் குருவின் மேல் பாய்ந்தது.

நாங்கள் கேட்ட பிரசங்கங்களில் எல்லாம் அவள் வில்லி. கொஞ்சம் அவள் இடத்தில் நின்று யோசியுங்கள். பல தாரம் கட்டியது தடியத்தேவன். அந்தப் பாவம் கழுவப்பட்டதும் அவருக்கே. அதற்காக வீட்டை விட்டுப் போனது யார்? அந்தப் பெண்கள். ஒருவருடைய தண்டனை நீங்கும்போது அது ஓசையில்லாமல் இன்னொருவர் தலையில் இறங்குகிறது. அருளானந்தரின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. முந்நூறு வருஷமாக அந்த மண்ணை அள்ளுகிற நாம் அந்தப் பெண்களுக்காக ஒரு செபம்கூடச் சொன்னதில்லையே என்கிறேன்.

சரி, பழங்கதை போதும். கச்சத்தீவுக்கு வருவோம்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்தோணியார் திருவிழா. தவக்காலத்தில் வருவதால் சிலுவைப்பாதையும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழர்கள் போய் ஒரே பீடத்தின் முன்னால் முழங்கால் போடுகிறார்கள். "எங்கள் பாவங்களுக்காகப் பாடுபட்டவரே" என்று உருகுகிறார்கள். திருவிழா முடிந்து திரும்பியதும் எங்கள் விசைப்படகுகள் இழுவைமடியோடு அந்தப் பக்கம் போகின்றன. இழுவைமடி கடலடியைச் சுரண்டும். வழியில் கிடக்கும் வலையையும் அறுத்துக்கொண்டு போகும். அந்த வலை யாருடையது? போரில் பல வருஷம் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கின வடக்கு மீனவனுடையது. போன மாதம் பக்கத்தில் முழங்கால் போட்டவனுடையதாகக்கூட இருக்கலாம்.

இலங்கைக் கடற்படை செய்ததை மறந்து பேசவில்லை. சுட்டுச் செத்தவர்கள் எங்கள் ஆட்கள். 2017ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் படகுகள் போகின்றன. பிடிபட்டால் முதலாளிக்குப் படகு போகிறது, கூலிக்குப் போனவன் ஜெயிலுக்குப் போகிறான். அதாவது இங்கேயும் ஒருத்தன் தப்புக்கு இன்னொருத்தன் கட்டுகிறான். ஆனால் எங்களுக்கு நடந்த அநியாயம், நாங்கள் அறுத்த வலையைத் தைத்துக் கொடுக்காது.

இப்போது ஒரு எதிர்வாதம் வரும். "தம்பி, மீட்பு இலவசம். திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு என்றால் அது கிருபையே இல்லை. நல்ல கள்ளன் என்ன திருப்பிக் கொடுத்தான்?"

நல்ல கேள்வி. நான் மன்னிப்புக்கு விலை வைக்கவில்லை. மன்னிப்பு இலவசம்தான். ஆனால் மன்னிக்கப்பட்டவன் திருட்டுப்பொருளை இன்னும் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால், அவன் தன் திருட்டுக்காக வருந்துகிறான் என்று எதை வைத்து நம்புவது? தண்டனை பயத்திலிருந்து விடுதலை பெற்றவனுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்னும் துணிச்சல் வர வேண்டும். ஜெயிலுக்குப் போவோமோ, நரகத்துக்குப் போவோமோ என்று இனி மறைக்க வேண்டியதில்லையே! ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் போன்ஹோஃபர் என்ற போதகர் 1937ல் வெளியிட்ட புத்தகத்தில், பின்பற்றுதல் இல்லாத கிருபையை மலிவான கிருபை என்று சாடினார். எட்டு வருஷம் கழித்துத் தூக்கில் தொங்கினார்.

நல்ல கள்ளன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. உண்மை. அவன் இரண்டு கையிலும் ஆணி அடித்திருந்தது. நம் கை சும்மாதானே இருக்கிறது?

அடுத்த முறை யாராவது மேடை ஏறி, என் பாவமெல்லாம் போச்சு என்று சாட்சி சொன்னால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. பத்திரம் எப்போ மாத்தி எழுதறீங்க?"