ஹூட் பழசாவே இருக்கணுமா?

1970-களின் ரேஸ் சைக்கிளில், கம்பன்யோலோ பிரேக் லீவருக்கு மேல ரப்பர் உறை ஒண்ணு இருக்கும். ஹூட்னு பேரு. உங்க கை பாதி நேரம் அதுமேலதான். அது வெடிச்சு நழுவினா, பிரேக் பிடிக்கிற கையும் நழுவும்.

அதுக்குன்னு அந்தக் காலத்து ஒரிஜினலையே தேடி அதிகக் காசு கொடுக்கிறதை என்னால ஏத்துக்க முடியல. இயற்கை ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் உடைக்கும். இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெடிப்பு விழும் (பாலிமர் கிளாஸில் தூங்காதவங்களுக்குத் தெரியும்). பிரிக்காத பெட்டிக்குள்ள கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். புதுசா வார்த்த நகலை வாங்குங்க. பழசைக் கத்தரிச்சு எடுத்துட்டு, புதுசை வெந்நீரில் ஊறவச்சு, உள்ளே ஸ்பிரிட் தடவி இழுங்க. வழுக்கி ஏறிடும், ஸ்பிரிட் ஆவியாகிடும். எண்ணெய் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிடும்.