தொண்டைப் புற்றும் தலையெழுத்தும்

ஒருவருக்குத் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ புற்றுநோய் கண்டுவிட்டால் நம் ஜனங்கள் உடனே சொல்லுகிற வார்த்தை "அவன் தலையெழுத்து" என்பதுதான். சோறு இறங்காமல், பிறகு கஞ்சி இறங்காமல், கடைசியில் தண்ணீரும் இறங்காமல் போன பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வைத்தியர் கையை விரித்தால் விதி மெய்யாகிவிட்டது என்கிறார்கள். காலந்தாழ்த்திப் பார்த்ததற்கு நாம் இட்ட பெயர்தான் இந்த விதியே ஒழிய, வேறொன்றுமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

இந்நோய் ஆரம்பத்தில் வலிப்பதில்லை, கட்டியாகவும் தெரிவதில்லை. உள்தோலின் நிறமும், அதிலுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களின் உருவமுந்தான் முதலில் மாறுகின்றன. அந்த நிறத்தைப் பார்ப்பது எப்படி?

1868-ல் ஜெர்மனியில் குஸ்மால் என்னும் வைத்தியர், வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவனைக் கொண்டு, நேரான குழாயொன்றைத் தொண்டை வழியே இறக்கிப் பார்க்க முயன்றார். வாள் விழுங்கும் வித்தையை நம்மவர்களும் பார்த்துத்தான் இருக்கிறார்கள். கைதட்டிக் காசு போட்டதோடு காரியம் முடிந்தது. வாள் போகிற வழியில் குழாய் போகாதா என்று யோசித்தவனுக்கோ வித்தை விஞ்ஞானமாயிற்று. அந்தக் குழாயே இன்று வளைந்து கொடுக்கும் எண்டோஸ்கோப்பாகியிருக்கிறது.

அதன் வழியே உணவுக்குழாயில் அயோடின் கலந்த திரவத்தைத் தெளித்தால், நல்ல தோலில் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து இருப்பதால் அது பழுப்பாகிறது. புற்று பிடித்த இடத்தில் அச்சத்து குறைந்துபோவதால் நிறம் ஏறுவதில்லை. சில நிமிஷங்களில் அவ்விடம் இளஞ்சிவப்பாகவும் மாறுவதுண்டு. ஆனால் தொண்டையில் இதைத் தெளித்தால் எரிச்சலுண்டாகும். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் அபாயமுமுண்டு.

இதற்கு ஜப்பானியர் கண்ட வழி மருந்தல்ல, வெளிச்சம். வெள்ளை வெளிச்சத்துக்குப் பதிலாக 415, 540 நானோமீட்டர் அளவுள்ள நீல, பச்சை ஒளிகளை மட்டும் பாய்ச்சுகிறார்கள். இரத்தம் இவ்வொளிகளை உறிஞ்சுவதால், புற்றுள்ள இடம் பழுப்புத் திட்டாகவும் அதற்குள் புள்ளிகளாகவும் தெரிகிறது. 2010-ல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியொன்றில், உணவுக்குழாய்ப் புற்றுள்ள 320 பேரைச் சோதித்தார்கள். மேலோட்டமான புற்றுகளில் சாதாரண வெளிச்சம் கண்டது தொண்டையில் 100-க்கு 8, உணவுக்குழாயில் 55. இவ்வொளி கண்டதோ முறையே 100, 97. தொண்டையில் அகப்பட்ட புற்றுகள் சொற்பமே என்றாலும், வித்தியாசம் சொற்பமல்ல.

நிற்க, இயந்திரம் காட்டியது என்பதற்காக அதையும் வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. வெறும் அழற்சியும் நிறத்தை மாற்றும். ஆகவே சந்தேகப்பட்ட இடத்தில் துளி சதை கிள்ளியெடுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்த பின்னரே வைத்தியர் தீர்மானிக்கிறார். கண்டதையும் சோதித்துப் பார் என்பதல்லவா பகுத்தறிவு?

மேல்தோலளவில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றைப் பெரும்பாலும் மார்பைக் கிழிக்காமல் அதே குழாய் வழியாகவே அறுத்தெடுக்கலாம். அதே புற்று ஆழ இறங்கிவிட்டாலோ கத்தியும் கதிரும் மருந்துமாக அலைய வேண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் நடுவே இருப்பது விதியா, நாம் வீணாக்கிய மாதங்களா?

எல்லோரும் குழாய் விழுங்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. புகையிலையும் மதுவும் இந்நோய்க்குக் காரணங்கள் என்பது ஸ்தாபிதமான விஷயம். புகையிலையில்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ல் முடிவு கூறியது. இப்பழக்கமுள்ளவர்கள் அதை விடுவதோடு, விழுங்கும்போது சிக்கினாலும் குரல் வாரக்கணக்கில் கம்மியிருந்தாலும் மந்திரிக்கப் போகாமல் வைத்தியரிடம் போகவேண்டும். இவ்வொளி பணக்காரர் தொண்டைக்கு மட்டும் என்றில்லாமல், ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் கூலிக்காரனுக்கும் கிடைக்கும்படி சர்க்கார் செய்யவேண்டும். செய்யும்வரை ஜனங்கள் கேட்கவேண்டும்.

தலையில் எழுதியிருப்பதை இதுவரை ஒருவரும் படித்துக் காட்டியதில்லை. தொண்டையில் எழுதியிருப்பதையோ வெளிச்சம் போட்டுப் படிக்கலாம். எதை நம்புவது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளும்படி வேண்டுகின்றோம்.