கடைக்குக் காப்புறுதி உண்டு, கடைக்காரருக்கு?

வட்டவளைக் கடைவீதியில் நம்மவர்களிடம் வேனுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டால் உடனே அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். அது சட்டம், இல்லாவிட்டால் பொலிஸார் பிடிப்பார்கள். வங்கியில் கடன் எடுத்தவர்கள் கட்டடத்துக்கும் சரக்குக்கும் தீக்காப்புறுதி வைத்திருப்பார்கள். அது வங்கியின் நிபந்தனை. ஆனால் அந்தக் கடையைக் காலையில் திறந்து இரவில் பூட்டும் மனிதருக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கிறதா என்றால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பதே பதில். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அரச ஊழியருக்கு 'அக்ரஹார' காப்புறுதி இருக்கிறது. பெரிய கம்பனிகளில் வேலை செய்பவர்களுக்குக் கம்பனியே குழுக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கிறது. சொந்தக் கடை வைத்திருப்பவனுக்கு அப்படி எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே என்பார்கள். உண்மைதான். வட்டவளையிலேயே பிரதேச வைத்தியசாலை உண்டு. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அதற்கு மேல் நாவலப்பிட்டி, கண்டி என்று போகலாம். ஆனால் 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, துண்டை எழுதிக் கொடுத்து வெளியே வாங்கி வரச் சொன்னதை நாம் மறக்கவில்லை. ஸ்கேனுக்கும் சத்திரசிகிச்சைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர் தனியாரிடம் போகத்தான் வேண்டியிருக்கிறது. அப்போது கரைவது கடையின் முதல். கடன் கொப்பியில் தோட்டத்து மக்களிடம் நிற்கும் பணத்தை அவசரத்துக்கு வசூலிக்க முடியுமா? சம்பளம் போட்டால்தான் வரும்.

அண்மையில் எனக்கும் குடும்பத்துக்கும் ஒரு பொலிஸி எடுப்பதற்காகச் சில முகவர்களிடம் பேசினேன். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் வந்தது. ஒரு முகவர் கேள்விகளை வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அடையாளம் போடத் தொடங்கினார். வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர் இருக்கிறார் என்றேன். "அதை எழுதினால் கட்டணம் கூடும் ஹாஜியார், விட்டுவிடுங்கள்" என்றார். படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கட்டணம் கட்டும் காலமெல்லாம் அந்தப் பொய்யை யாரும் கேட்கமாட்டார்கள். கோரிக்கை வைக்கும் அன்றுதான் கம்பனி பழைய கிளினிக் கொப்பியைக் கேட்கும். மறைத்தது தெரிந்தால் காசு கிடைக்காது, சில வேளை ஒப்பந்தமே செல்லாது. கையொப்பம் நம்முடையது, முகவருடையதல்ல. ஆகவே தமிழில் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் ஆங்கிலம் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக வாசியுங்கள். கையொப்பமிட்ட பின் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

அடுத்தது, முகவர்கள் பெரும்பாலும் காட்டுவது ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய மருத்துவ மேலதிகப் பயனை. அதில் கழிவு அவருக்குக் கூட. வியாபாரம் மந்தமாகி ஆயுள் தவணை நின்றுபோனால் மருத்துவப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். தனியான மருத்துவ பொலிஸி வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. அதில் வயது ஏற ஏறக் கட்டணம் ஏறும், எத்தனை வயது வரை புதுப்பிப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை வருடக் காத்திருப்பு, அறை வாடகைக்கும் ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் தனி உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பத்து இலட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டு, இருதயத்துக்கு இவ்வளவுதான் என்று உள்ளே சிறிய எழுத்தில் இருக்கலாம். அந்தப் பத்து இலட்சமும் நிலையானதல்ல. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முன் எடுத்த பொலிஸியின் தொகையை உயர்த்தாமல் வைத்திருப்பவர் கையில் இருப்பது பழைய கணக்கு.

மலையகத்தில் இருக்கும் நாம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காசு கட்டாமல் அட்டையைக் காட்டி அனுமதிக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளின் பட்டியலைக் கேட்டால் கொழும்புதான் நிறைய வரும். நெஞ்சுவலி வந்தால் 1990 அம்புலன்ஸ் கொண்டுபோவது கொழும்புக்கல்ல, அரச வைத்தியசாலைக்கு. எனவே அரச வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு தரும் பிரிவு இருக்கிறதா என்பது எமக்கு முக்கியம். கடை பூட்டிக் கிடக்கும் நாட்களில் அந்தத் தொகைதான் வீட்டுச் செலவு. கண்டியில் எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் உண்டு என்பதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

காப்புறுதி மார்க்கத்துக்கு ஆகுமா என்று தயங்குபவர்கள் நம்மில் பலர். தயக்கம் நியாயமானது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, நிலையான கட்டணத்துடனான வணிகக் காப்புறுதியை ஆகாது என்றும் கூட்டுறவு முறையை ஆகும் என்றும் தீர்மானித்தது. அந்தக் கூட்டுறவு முறைதான் தகாபுல். 1979இல் சூடானில் தொடங்கியது, 1999இல் அமானா தகாபுல் மூலம் இலங்கைக்கு வந்தது. கட்டுகின்ற பணம் தபர்ருஃ ஆக ஒரு நிதிக்குப் போகிறது, நிர்வாகி கட்டணம் எடுக்கிறார், மிஞ்சினால் பங்குதாரருக்குப் பகிரப்படலாம். ஆனால் தகாபுல் என்ற பெயரைப் பார்த்தவுடன் கையொப்பமிடுவதும் சரியல்ல. மேலே சொன்ன கேள்விகள் அத்தனையும் அங்கேயும் கேட்க வேண்டியவை. உச்சவரம்பும் காத்திருப்பும் ஹலாலான பொலிஸியிலும் இருக்கும்.

கோரிக்கையை நிராகரித்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதன் பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். ஒம்புட்ஸ்மனிடம் போகச் சட்டத்தரணி தேவையில்லை. அதற்கும் அந்தப் படிவத்தின் பிரதி கையில் இருக்க வேண்டும்.

தனித்தனியாகப் போய்ப் பேரம் பேசும்போது நம் குரல் சிறியது. மொத்தக் கடையில் ஒரு மூடை வாங்குபவனுக்கும் ஐம்பது மூடை வாங்குபவனுக்கும் ஒரே விலையா? வட்டவளை, ஹட்டன், கினிகத்தேனை வர்த்தகர்கள் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பாராமல் சங்கத்தின் பெயரில் குழுக் காப்புறுதிக்கு விலை கேட்டுப் பார்க்கலாம். குழுவில் சேர்ந்தால் சீனி வருத்தம் உள்ளவரையும் எடுக்கக் கம்பனிகள் இறங்கி வருவதுண்டு. சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் நடைபாதைப் பிரச்சினையோடு இதையும் ஒரு விடயமாகப் போடுங்கள். கடைப் பணியாளர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் சேரட்டும்.