வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜுக்கு நெருப்பு எதற்கு?

நீளமான பதிவு. பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்களுக்கும் கடைசியில் ஒரு சங்கதி இருக்கிறது.

சென்ற கோடையில் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தபோது, விர்ஜீனியாவின் ஷெனன்டோவா மலைக்காட்டுக்கு ஐந்து நாள் போய்வர ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தான். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிய மாதிரி கட்டில், கழிப்பறை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளே. இட்லி மாவு, தயிர், பேரனின் பால், என் இன்சுலின் அத்தனையும் அந்த ஃபிரிட்ஜுக்குள் போயின. சாவி கொடுத்தவர், "ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும், அப்படியே விட்டுவிட்டு ஓட்டுங்கள், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்றார். வண்டியில் இருந்த கையேடோ, ஓடும்போது கேஸை மூடச் சொல்கிறது. இதில்தான் எனக்கும் மகனுக்கும் வாக்குவாதம். "அப்பா, உங்க இன்சுலினுக்காகத்தான் சொல்றேன்" என்றான்.

கேஸில் எப்படி ஃபிரிட்ஜ் ஓடும் என்று கேட்பீர்கள். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்த எனக்கே அது புதிதுதான். நம் வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரெசர் இருக்கிறது. இதில் அது கிடையாது, அசையும் பாகமே இல்லை. குழாய்களுக்குள் நீரில் கரைந்த அம்மோனியா இருக்கிறது. அடியில் ஒரு சின்ன புரோப்பேன் சுடர் அதைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் செய்த வேலை இது. நெருப்பை வைத்துக் குளிர்! வகுப்பில் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் நம்பியிருக்காது.

எந்திரம் அருமை. ஆனால் சுடர் சுடர்தான். வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜை கேஸில் விட்டால், டேங்க் வால்வு திறந்திருக்கிறது, குழாயில் அழுத்தம் இருக்கிறது, பின்பக்கம் நெருப்பு எரிகிறது என்று பொருள். பின்னாலிருந்து ஒருவன் மோதினாலோ, டயர் வெடித்து அதன் துண்டு அடியில் அடித்தாலோ குழாய் விடும். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தேங்கும். குழாய் அறுந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உண்டு என்றான் மகன். உண்மைதான். முழுதாக அறுந்தால் அது மூடிக்கொள்ளும். சின்னக் கசிவை அது சாதாரண ஓட்டம் என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு இடம் பெட்ரோல் பங்க். அந்த ஊரில் பெட்ரோலைத்தான் 'கேஸ்' என்கிறார்கள். அந்தக் குழப்பம் தனி! காற்றில் சுடர் அணைந்தால் ஃபிரிட்ஜ் தானாகவே பொறி தட்டிப் பற்றவைத்துக்கொள்ளும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் அந்தப் பொறி தட்டினால் என்ன ஆகும்? பங்குக்குள் நுழையும் முன்பே ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஞாபகம் இருந்தால்தானே! கிளம்பும்போதே மூடிவிட்டால் அந்த ஞாபகமே தேவையில்லை.

பல வருடமாக கேஸிலேயே ஓட்டி ஒன்றும் ஆகாதவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஹெல்மெட் போடாமல் ஓட்டி ஒன்றும் ஆகாதவர்களும் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு.

சரி, சாப்பாடு கெடாதா? முதல் நாள் இரவே வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜை ஓடவிட்டோம். வண்டி சாய்ந்து நின்றால் இந்த ஃபிரிட்ஜ் வேலை செய்யாது, பழுதாகவும் ஆகும். மருமகள் நாலு தண்ணீர் பாட்டிலை உறையவைத்து உள்ளே அடுக்கினாள். கதவைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் உணவு பத்திரமாக இருக்கும் என்பது அந்நாட்டு அரசே சொல்லும் கணக்கு. பேரனுக்குத் தின்பண்டம் தனிப் பையில். இன்சுலினா? நான் போடும் வகையில், பயன்பாட்டில் உள்ள பேனாவை 30 டிகிரிக்குள் 28 நாள் வெளியே வைக்கலாம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. திறக்காத பேனாவுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி. அதையும் துணியில் சுற்றி, ஐஸில் படாமல், வாய் அகன்ற பிளாஸ்கில் வைத்துக்கொண்டேன். என் மருந்தைக் காரணம் காட்டிப் பேரன் உட்கார்ந்திருக்கும் வண்டியில் நெருப்பு எரிய நான் சம்மதிக்கவில்லை.

பால்டிமோர் நெருங்கியதும் எனக்குச் சாட்சியாக ஒரு பலகை வந்தது. அங்கே கடலடிச் சுரங்கப்பாதையில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோப்பேன் கொண்ட வண்டிக்கு அனுமதி இல்லை, வால்வை மூடியிருந்தாலும் கூடாது. முன்பு கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்களாம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்துவிட்டது. நாங்கள் ஊரின் மேற்குப் பக்கமாகச் சுற்றினோம். மகன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நிறுத்தத்தில் தானே இறங்கி, வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

இனி நம் ஊர் சங்கதி. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரையில், லக்னோவிலிருந்து வந்து நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். அது ஆர்.வி. இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. ஆனால் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் வேனில் போகும்போது சீட்டுக்கு அடியில் சிலிண்டரை உருட்டிவிடுகிறோமே, அது எந்தக் கணக்கு?

அடுத்த மாதம் எங்கள் தெருவிலிருந்து வேன் கிளம்புகிறது. சிலிண்டர் ஏறினால் நான் ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சமையல் மாஸ்டருக்கு என்மேல் கோபம். இரண்டு வேளைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு, மூன்றாம் வேளைக்கு ஓட்டல் என்று பேசி முடித்திருக்கிறோம்.